கிரைண்டர் கீழ்வீட்டில் நலம்

ஸ்ரீ மாங்காடு காமாட்சி துணை

கள்ளிக்குப்பம், அம்பத்தூர்
ஆடி 22, வியாழக்கிழமை

அன்பும் மரியாதையும் நிறைந்த பெரிய அண்ணன் உலகநாதன் அவர்களுக்கு, தங்கை சண்முகவடிவு பணிவுடன் எழுதிக்கொள்வது. அருப்புக்கோட்டையில் தாங்களும் மதினியும் அம்பாள் அருளால் சுகமாக இருப்பீர்கள், மதினியின் மூட்டுவலிக்கு அந்தப் பச்சை எண்ணெய் கேட்டிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே உங்கள் மாப்பிள்ளை நலம், மகள் திவ்யா நலம், நான் நலம், ஃப்ரிட்ஜ் நலம். வாஷிங் மெஷின் மட்டும் கொஞ்சம் இருமுகிறது. கிரைண்டர் சித்திரையிலிருந்து கீழ்வீட்டில் இருப்பதால் அதன் நலம் அங்கிருந்து வரும் சத்தத்தை வைத்துத்தான் தெரிகிறது. நன்றாகவே ஓடுகிறது.

இதைப் போனில் சொல்லாமல் இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனும் கீழ்வீட்டில்தான் இருக்கிறது. எங்கள் வீட்டு ஓனர் தாயம்மா அக்காவின் போனில் ரீசார்ஜ் தீர்ந்துவிட்டதாம். ஆவடியில் கட்டிக்கொடுத்த மகள் யுவராணியோடு பேச வேண்டும் என்று வாங்கிக்கொண்டு போனார். மகளோடு பேசியபின் மகளின் மாமியாரோடு பேசுவார், அதற்குள் போனில் சார்ஜ் இறங்கிவிடும், சார்ஜ் ஏற்றித்தான் திருப்பித் தருவார். அந்த நாகரிகம் அவரிடம் உண்டு. நடுவில் யாராவது கூப்பிட்டால் அவரே எடுத்துப் பேசியும் வைத்துவிடுவார். தவிர, இந்த வீட்டில் நான் பால்கனியில் நின்று தும்மினால் கீழேயிருந்து "நூறாயுசு தங்கச்சி" என்று பதில் வருகிறது. அப்படிப்பட்ட இடத்தில் அவரைப் பற்றி வாய்விட்டு எப்படிப் பேச முடியும், சொல்லுங்கள்.

விஷயம் இதுதான் அண்ணா. ஆவணி பிறந்ததும் இந்த வீட்டைக் காலி செய்யப்போகிறோம். சண்டை சச்சரவு இல்லாமல், நம் சாமான் நம்மோடு வந்து, என் வீட்டுக் கதவை நான் சாத்தினால் சாத்தியது சாத்தியபடி இருக்கிற ஒரு வீட்டுக்குப் போக வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. வக்கீல் ஆபீசில் காலமெல்லாம் குமாஸ்தாவாக இருந்த உங்கள் உதவி அதற்கு வேண்டும்.

தாயம்மா அக்காவைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை, சொன்னால் நாக்கு அழுகிப்போகும். இந்தப் பக்கமெல்லாம் வயலாக இருந்தபோது அவரும் அவர் வீட்டுக்காரர் துலுக்கானமும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். பிறகு துலுக்கானம் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய வீடு இது. அவர் காலமான பிறகு கீழே அக்காவும் மகன் சந்தோஷும்தான். சந்தோஷ் கால்டாக்ஸி ஓட்டுகிறான். நாங்கள் குடிவந்ததிலிருந்து அக்கா வாடகையை ஏற்றவும் இல்லை. ஆனால் அண்ணா, வாடகைக்கு விட்டது நம் சாமானையும் சேர்த்துத்தான் என்று அவர் எப்போது நினைக்க ஆரம்பித்தார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. முதலில் அரிசியும் உளுந்தும் ஊறவைத்துக்கொண்டு மேலே வந்து நம் கிரைண்டரில் அரைத்துக்கொண்டு போனார். அது நல்லது, மனிதர்க்கு மனிதர். பிறகு முட்டி வலிக்கிறது, படி ஏற முடியவில்லை என்றார். அய்யோ பாவம் என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, சந்தோஷ் வந்து கிரைண்டரைத் தோளில் வைத்துக் கீழே இறக்கிவிட்டான். இப்போது என் அரிசியை நான் தூக்கிக்கொண்டு போய், என் கிரைண்டர் காலியாக இருக்கிறதா என்று கேட்டு, நின்று அரைத்துக்கொண்டு வருகிறேன். போன வாரம் போனால், "இரு தங்கச்சி, எதுர் ஊட்டு நாகம்மாளுது ஓடிகினு கீது. அப்பால வா" என்கிறார். எதிர்வீட்டு நாகம்மாள் யார் என்றே எனக்குத் தெரியாது. என் கிரைண்டருக்குத் தெரிந்திருக்கிறது.

வாஷிங் மெஷினில் முதலில் அவர் புடவை வந்தது, பிறகு போர்வை வந்தது, பிறகு சந்தோஷின் கார் சீட் கவர் வந்தது. சீட் கவர் பையிலிருந்து யாரோ பயணி மறந்துவிட்டுப் போன ரிமோட் ஒன்று கிடைத்தது, துவைத்த வெண்மையோடு. ஆடி மாதம் நம் வீட்டில் கவுச்சி கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். திருச்செந்தூர் இலை விபூதியைப் பத்திரமாக இருக்கட்டும் என்று ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன். ஒரு நாள் திறக்கிறேன், பக்கத்திலேயே ஒரு டப்பா நிறைய இறால். நான் போட்ட சத்தத்தில் அவரே மேலே வந்துவிட்டார், முட்டிவலி எங்கே போனதோ. "இன்னாத்துக்கு இப்ப கூவுற? எறாதானே? ஆடி முடிஞ்சி ஆக்கறதுக்கு வச்சிகீறேன். அது பாட்டுக்கு ஐஸ்ல தூங்கிகினு கீது, உன் சாமியாண்ட போயா வம்பு பண்ணுது?" என்றார். விபூதியை மூன்று டப்பாவுக்குள் டப்பாவாக வைத்து அலமாரிக்கு மாற்றினேன்.

உங்கள் மாப்பிள்ளையிடம் சொன்னால் பிரயோஜனமில்லை. கம்பெனியில் ஒரு ஷிப்டையே அதட்டி மேய்க்கிற சூப்பர்வைசர், வாசலில் "இன்னா நைனா, துன்னியா?" என்று அந்த அம்மா ஒரு வார்த்தை கேட்டால் போதும், "சாப்பிட்டேங்க்கா" என்று எல்.கே.ஜி. பிள்ளை மாதிரி நிற்கிறார். "ஏங்க, நம்ம மெஷின்ல சீட் கவர் துவைக்கிறாங்க" என்றால், "விடு வடிவு, மெஷின் துவைக்கத்தானே செய்யும்?" என்கிறார்.

எட்டாவதோடு நின்றவளானாலும் பேப்பரும் பஞ்சாங்கமும் படித்து நானாகவே தேறியவள் இல்லையா? இந்த முறை ஈபி பில் வந்ததும் எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் மூன்று பேர் இருக்கும் வீடா, மூன்று குடும்பம் இருக்கும் வீடா என்று கேட்கிற மாதிரி ஒரு தொகை. நம் கணக்கில் தப்பு வராது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. கீழே ஒரு லைனில் கரண்ட் வரவில்லை, இரண்டு நாளைக்கு மட்டும் என்று சொல்லி, சந்தோஷ் நம் பால்கனி பிளக்கிலிருந்து ஒரு ஒயரை இழுத்துக் கீழே விட்டிருந்தான். அந்த இரண்டு நாள் முடிந்து பங்குனி உத்திரம் வந்து போய்விட்டது. சரி, இந்த ஒயரில் என்னதான் ஓடுகிறது என்று பார்த்துவிடுவோம் என்று சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டு, பிள்ளையாரை நினைத்து, நம் மெயினை ஆஃப் செய்தேன். முதலில் கீழே சீரியல் நின்றது. "அய்யய்யோ, அவன் தாலி கட்டச் சொல்லோவா கரண்டு போவணும்" என்று அக்கா கத்தினார். அடுத்து கிரைண்டர் நின்றது, "தா, என் மாவு!" என்று வேறு ஒரு குரல் கேட்டது, அதுதான் நாகம்மாளாக இருக்க வேண்டும். அதோடு முடிந்திருந்தால் எனக்கு வெற்றி. ஆனால் அண்ணா, தெருமுனையில் இருக்கிற எல்லையம்மன் கோயிலில் ஆடித் திருவிழாவுக்குப் போட்டிருந்த சீரியல் லைட் அத்தனையும் சடாரென்று அணைந்தது. பாட்டுக் குழாய் "தாயே" என்பதில் 'தா'வோடு நின்றது. கூழுக்கு நின்ற கூட்டம் ஹோவென்று இரைந்தது. அம்மன் இருட்டில் நிற்கிறாள், என் கை மெயினில் இருக்கிறது. நம் ஒயர் கீழ்வீட்டோடு நிற்காமல் கோயில்வரை போயிருக்கிறது. கன்னத்தில் போட்டுக்கொண்டு மெயினைப் போட்டேன். அம்மனுக்கு வெளிச்சம் வந்தது, கீழே தாலியும் ஏறியது. அன்று கணக்கெழுத உட்கார்ந்தால் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியவில்லை. சாமி வெளிச்சம் எவ்வளவு, சீரியல் எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது? மொத்தத்தையும் தர்மக் கணக்கில் எழுதிவிட்டேன். அந்தப் புண்ணியமாவது நமக்கு வருமா, ஒயர் இழுத்தவனுக்குப் போகுமா என்பது அவளுக்குத்தான் வெளிச்சம்.

திவ்யா சும்மா இருக்கவில்லை. எதையோ தேடிப் படித்துவிட்டு, ஓனரே ஆனாலும் குடியிருப்பவர் வீட்டுக்குள் நினைத்தபோதெல்லாம் வரக்கூடாது, ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும், சட்டமே இருக்கிறது, போய்ச் சொல்லு என்றாள். நானும் மனசைத் திடப்படுத்திக்கொண்டு சொன்னேன்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. ஓனர் உள்ள வரணும்னா ஒரு நாள் முன்னாடியே சொல்லணுமாம். சட்டம் இருக்காம்."

"அப்டியா? யார் போட்டது?"

"கவர்மென்ட்தான்க்கா."

"நல்லதுதானே. சொல்ட்டா போச்சி, இதுக்கா மூஞ்சிய இப்டி வச்சிகினு கீற?"

மறுநாளிலிருந்து திவ்யாவின் போனுக்கு வாய்ஸ் மெசேஜ் வர ஆரம்பித்தது. "பாப்பா, நாளிக்கி காத்தால கொத்தமல்லி எட்த்துக்க வருவேன், அம்மாவாண்ட சொல்டு, சட்டப்படி சொல்ட்டேன்." "பாப்பா, நாளிக்கி மதியானம் உங்க ஊட்ல ஃபேன் போட்டுகினு சித்த படுப்பேன், சட்டப்படி." அத்தனையும் அவர் அனுப்பியது என் போனிலிருந்து. நாலாம் நாள் அவருக்கே அலுத்துவிட்டது. "தெனிக்கும் சொல்றது பேஜாரா கீது தங்கச்சி. பொங்கல் வரிக்கும் வருவேன்னு மொத்தமா சொல்ட்டேன், வச்சிக்கோ" என்று சட்டத்தை ஒரேயடியாக முடித்து வைத்துவிட்டார்.

மனுஷச் சட்டம் தோற்றது, தெய்வச் சட்டம் தோற்காது என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு வீட்டிலிருந்து எதையும் வெளியே கொடுக்கக்கூடாது அல்லவா? அவரும் அதற்குப் பயப்படுகிறவர்தான். போன வெள்ளி, விளக்கு வைத்த கையோடு கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு சர்க்கரை கேட்டு வந்தார். "அக்கா, வெள்ளிக்கிழமை, விளக்கு வெச்சாச்சு" என்றேன். "அட ஆமா! லட்சுமி பூடுமே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு இரண்டு படி இறங்கினார். எனக்கு உள்ளுக்குள் பால் பொங்கியது. மூன்றாவது படியில் நின்று யோசித்தார். திரும்பி வந்துவிட்டார்.

"ஊட்ட உட்டுதானே வெளிய போவக் கூடாது?"

"ஆமாக்கா."

"ஊடு யார்து?"

"உங்களுதுதான்."

"மேலயும் என் ஊடு, கீழயும் என் ஊடு. சக்கர மேலேந்து கீழ வந்தா ஊட்டுக்குள்ளாறதான கீது? லட்சுமி நாலு படி எறங்கனா கொறஞ்சா பூடுவா? அள்ளு அள்ளு."

அள்ளினேன். பஞ்சாங்கத்தில் முன்னட்டையிலிருந்து பின்னட்டை வரை தேடினேன் அண்ணா, இதற்கு மறுப்பு எதுவும் போடவில்லை.

இனி அம்பாளே கதி என்று ஆனியிலேயே மாங்காட்டு காமாட்சிக்கு ஆறு வார வேண்டுதல் எடுத்திருந்தேன். செவ்வாய்தோறும் எலுமிச்சம்பழம் கொண்டுபோய் வைத்து, ஒன்றை வாங்கிவந்து பூஜையில் வைக்க வேண்டும். முதல் வாரமே வாசலில் அக்கா மடக்கிவிட்டார். எங்கே என்றார், சொன்னேன். எதற்கு வேண்டுதல் என்றார், குடும்ப விஷயம் என்றேன். "எனிக்கும் ஒண்ணு கீது. நானும் வரேன், எலுமிச்சம்பயத்த சேத்து வாங்கிடு" என்று ஆட்டோவில் எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து என் வேண்டுதலுக்கு என்னோடு அவரும் வருகிறார். நான் கண்ணை மூடி, "தாயே, இந்த வீட்டிலிருந்து என்னைக் கொண்டுபோய் வேறு வீட்டில் சேர்த்துவிடு" என்று வேண்டுகிறேன். பக்கத்தில் அவர் என்னைவிட உருக்கமாக, கண்ணில் தண்ணீர் வழிய ஏதோ வேண்டுகிறார். என்னவென்று கேட்டால், "சொன்னா பலிக்காது" என்கிறார். அவர் பூஜையறையில் சந்தோஷ் டயர் போட்டு வைத்திருக்கிறானாம், அதனால் அவர் பழமும் நம் பூஜையறையில்தான் இருக்கிறது. இரண்டு பழமும் தட்டில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன.

இதற்கு நடுவில் ஒரு நாள் யாரோ இருவர் வந்து டேப் வைத்து வீட்டைச் சுற்றிச் சுற்றி அளந்தார்கள். மேலே வந்து என் சமையலறையையும் அளந்தார்கள். கேட்டால் "வாஸ்து" என்றார் அக்கா, என் முகத்தைப் பார்க்காமல். அடுத்து என் கேஸ் அடுப்பு கீழே இறங்கப்போகிறது, அதற்குத்தான் இடம் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அன்றே திவ்யாவோடு வேலை பார்க்கிற பெண் மூலம் புரோக்கர் ஆசிக் பாயைப் பிடித்தோம். அம்பாள் கண் திறந்தாள். வானகரத்தில் ஒரு வீடு, நமக்கு மாடிப் போர்ஷன். ஓனர் குடும்பத்தோடு துபாயில் இருக்கிறாராம், அங்கிருந்து அவரால் சர்க்கரை கேட்டு வர முடியாது. எல்லாவற்றுக்கும் மேலே, கீழ்ப் போர்ஷன் காலி. கீழே யாருமே இல்லை அண்ணா! அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆடியில் வீடு மாறக்கூடாது என்பதால் அட்வான்ஸ் மட்டும் கொடுத்து வைத்திருக்கிறோம். அக்காவிடம் மூச்சுவிடவில்லை.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு. கிரைண்டர் உட்பட நம் சாமான்களைத் திருப்பித் தரும்படி, சட்டப் பிரிவெல்லாம் போட்டு, ஆனால் அந்த அம்மா மனசு நோகாதபடி ஒரு நோட்டீஸ் எழுதி அனுப்புங்கள். ஆவணியில் முதல் முகூர்த்த நாளில், கோயம்பேட்டில் இருக்கும் உங்கள் சிநேகிதரிடம் சொல்லி ஒரு வண்டியோடு நேரில் வந்து நில்லுங்கள். வெள்ளைச் சட்டை, கறுப்புப் பை, கண்ணாடியோடு வரவும். உங்கள் மாப்பிள்ளை "சாப்பிட்டேங்க்கா" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது நீங்கள் பேச வேண்டும். சின்ன வண்டியே போதும், நம் சாமானில் பாதிதான் மேலே இருக்கிறது.

மதினிக்கு என் நமஸ்காரம். வீட்டிலுள்ள பிள்ளைகள் எல்லோருக்கும் காமாட்சியின் குங்குமமும் என் ஆசியும் சேரட்டும். உங்கள் வீட்டில் யாரும் எதையும் இரவல் கேட்டு வராமல் அவள் காப்பாளாக.

என்றும் உங்கள் பாசத் தங்கை,
தி. சண்முகவடிவு

பி.கு.: ஆடி 28, புதன். ஆறாம் வாரம் முடிந்தபின் தபாலில் சேர்க்கலாம் என்று கடிதத்தை ஒட்டி, இரண்டு எலுமிச்சம்பழத்துக்கும் நடுவில் வைத்திருந்தேன். இப்போது மறுபடி பிரித்து எழுதுகிறேன்.

நேற்று மாங்காட்டில் கடைசி வாரம், பால் நைவேத்தியம். என் பால் குண்டானில்தான் இருவருக்கும். கும்பிட்டு முடித்துப் பிரகாரத்தில் உட்கார்ந்ததும் தாயம்மா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டுதல் முட்ஞ்சிபோச்சி, இப்ப சொல்லலாம்" என்றார். வீட்டை இடித்து ஃபிளாட் கட்ட சந்தோஷ் ஒரு பில்டரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டானாம். டேப் வைத்து அளந்தவர்கள் பில்டர் ஆட்கள். கட்டி முடிகிறவரை அவரும் வெளியே வாடகைக்குத்தான் போக வேண்டும். இது தெரிந்தால் நாங்கள் உடனே போய்விடுவோமோ என்று பயந்து இத்தனை நாளும் மறைத்திருக்கிறார். "அவுரு போன பொறவு ராவுல மேல நீ நடக்கற சத்தம் கேட்டாத்தான் எனிக்குத் தூக்கம் வர்து தங்கச்சி. மேலூட்டுக்காரங்க என்ன உட்டுப் போவக் கூடாதுன்னு ஆறு வாரமும் வேண்டிகினேன்" என்று சொல்லி அழுதார். நானும் அழுதேன், எதற்கென்று தெரியவில்லை. "அப்போ நீங்க எங்கக்கா போவீங்க?" என்று கேட்டேன்.

"வானகரந்தான். உன் போனுக்கு ஆசிக் பாய் போன் பண்ணாரா, நாந்தான எட்த்தேன். மாடிக்குப் பார்ட்டி வந்துச்சி, கீழ யாரும் வர்லன்னார். நான் வரேன்னு சொல்ட்டேன். அட்வான்ஸும் குட்த்தாச்சி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

இந்த வீட்டைவிட்டுப் போக வேண்டும் என்று நான் கேட்டேன், கொடுத்துவிட்டாள். நாங்கள் விட்டுப் போகக்கூடாது என்று அவர் கேட்டார், அதையும் கொடுத்துவிட்டாள். காமாட்சி இரண்டு பழத்தையும் வீணாக்கவில்லை. என் கதவை நான் சாத்தலாம், அவர் தட்டுவார், அவ்வளவுதான் வித்தியாசம். "அங்க நாம ரெண்டு பேரும் வாடகக்காரங்கதான், சட்டமெல்லாம் தேவப்படாது" என்று இப்போதே சொல்லிவிட்டார். இனிமேல் வெள்ளிக்கிழமைகளில் சர்க்கரை கேட்டு வந்தால் வீடு துபாய்க்காரருடையது என்று சொல்லலாம், அது ஒன்றுதான் எனக்கு மிச்சம். நேற்று நான் அதைச் சொல்லிப் பார்த்தேன். "அப்ப வியாழக்கிழமயே வாங்கி வச்சிக்கறேன்" என்றார்.

ஆகவே அண்ணா, நோட்டீஸ் எழுத வேண்டாம். கறுப்புப் பை வேண்டாம். மதினியை மட்டும் அழைத்துக்கொண்டு வாருங்கள், புது வீட்டில் இரண்டு போர்ஷனுக்கும் ஒரே குண்டானில்தான் பால் காய்ச்சுகிறோம். சிநேகிதரிடம் சின்ன வண்டி வேண்டாம், பெரிய லாரியாகவே சொல்லிவிடுங்கள். கீழ்வீட்டுச் சாமானும் அதில்தான் ஏறுகிறது. அதில் பாதி நம்முடையதுதான் என்பதால் நானும் மறுக்கவில்லை.